அந்த வாளிகளில் தண்ணீர் இருக்கிறதா?

கேள்வி இது: "மில்லே வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது வயல் வேலை. தண்ணீர் எடுப்பது, ரொட்டி சுடுவது, துணி துவைப்பது, பிள்ளைக்கு ஊட்டுவது என்று கிராமத்துப் பெண் வீட்டுக்காகச் செய்யும் அன்றாட வேலைகளை ஐரோப்பிய ஓவியர்கள் உண்மையாக வரைந்தார்களா, அல்லது அழகுக்காக வைத்துக்கொண்டார்களா?"

இரண்டும் நடந்திருக்கிறது. உண்மையாக வரைந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டால் நான் முதலில் சொல்வது அதே பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லேயைத்தான். 1857இல் வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' அடைந்த புகழ், அவருடைய வேலையின் இன்னொரு பாதியை மறைத்துவிட்டது. அந்தப் பாதி முழுக்க வீட்டையே சுற்றிவருகிறது: கிணற்றடி, ரொட்டி அடுப்பு, வெண்ணெய் கடையும் அறை, வாசற்படி, இரவில் விளக்கடி. எனக்கு அந்தப் பாதிதான் பெரிது. ஏன் என்பதை ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்லத் தொடங்குகிறேன்.

கிணற்றில் தண்ணீர் இறைத்து எடுத்துக்கொண்டு வருகிற ஒரு பெண். இரண்டு கைகளிலும் வாளிகள். பின்னால் பழைய கல் கிணறு. படத்தில் வேறு நிகழ்ச்சி எதுவும் கிடையாது. இந்தப் படத்தைப் பற்றி 1860களில் தெயோஃபில் தோரே என்ற விமர்சகருக்கு மில்லே ஒரு கடிதம் எழுதினார். (ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக மறந்துபோயிருந்த டச்சு ஓவியர் வெர்மீரை மீண்டும் உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் இந்தத் தோரேதான். வெர்மீரின் பால் ஊற்றும் பெண்ணை இன்று உலகமே கொண்டாடுகிறது. ஆனால் அவள் நகரத்து வீட்டு வேலைக்காரி. நம் கேள்விக்குள் வரமாட்டாள்.)

கடிதத்தில் மில்லே சொன்னதன் சாரம் இதுதான். இவள் தண்ணீர் சுமந்து விற்கிறவளும் இல்லை, கூலிக்கு வேலை செய்கிறவளும் இல்லை. தன் வீட்டுக்கு, தன் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சூப் வைப்பதற்காகத் தண்ணீர் எடுத்தவள். அவள் தூக்கியிருக்கும் பாரம் இரண்டு நிறை வாளிகளின் பாரத்தை விடக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கைகளை இழுக்கும் எடையால் முகம் சுளிப்பதும் வெயிலுக்குக் கண் சுருங்குவதும் தெரியவேண்டும். அவற்றுக்குக் கீழே கிராமத்து நல்ல மனமும் தெரியவேண்டும். பார்ப்பவரை உருகவைக்கும் எதையும் கண்டால் மிரண்டு ஒதுங்குவதே தன் வழக்கம். இதைத் தொல்லை என்று நினைக்காமல், மற்ற வீட்டு வேலைகளைப் போல நாள்தோறும் செய்து பழகிய ஒன்றாக அவள் செய்யவேண்டும். கிணற்றின் குளிர்ச்சி பார்ப்பவருக்கு எட்டவேண்டும். அதன் பழமையைப் பார்த்தால் இவளுக்கு முன்னால் எத்தனையோ பேர் அங்கே வந்து தண்ணீர் இறைத்துப் போயிருக்கிறார்கள் என்பது புரியவேண்டும்.

கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்கிறாரே, அந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். பத்து லிட்டர் பிடிக்கும் வாளியில் பத்து கிலோ தண்ணீர். நானும் பள்ளி நாட்களில் தெருக் கிணற்றிலிருந்து தூக்கி வந்திருக்கிறேன். ஒரு கையில் மட்டும் வாளி என்றால் உடம்பு மறுபக்கம் சாய்ந்து சமாளித்துக்கொள்ளும். இரண்டு கைகளிலும் என்றால் சாய இடமில்லை. தோள் இரண்டும் நேராகக் கீழே இறங்கும், கழுத்து நரம்பு எழும்பும், தளும்பாமல் இருப்பதற்காக அடி குறுகும். கைப்பிடிக் கம்பி விரலில் பதிந்து, இறக்கி வைத்தபிறகும் விரல் உடனே நிமிராது. நம் ஊர்ப் பெண்கள் இடுப்பில் குடம் வைத்து நடப்பது முற்றிலும் வேறு கணக்கு. அங்கே பாரம் இடுப்பு எலும்பில் உட்கார்ந்து உடம்பையே வளைத்துவிடும். வாளியின் உடம்பு வேறு, குடத்தின் உடம்பு வேறு. தண்ணீர் தூக்கும் பெண்ணை வரைந்த எத்தனையோ படங்களில் பாத்திரம் காலியாகத்தான் இருக்கிறது. தோள் இறங்கியிருக்காது, விரல் நோகாது, முகத்தில் புன்னகை இருக்கும். அந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: வாளியில் தண்ணீர் இருக்கிறதா?

மில்லேக்கு இது எப்படித் தெரிந்தது என்பதற்கு அவர் பிறந்த இடத்தைப் பார்க்கவேண்டும். 1814இல் நார்மண்டிக் கடற்கரையில், ஷெர்பூர் துறைமுகத்துக்கு அருகே, க்ரூஷி என்ற குக்கிராமத்தில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். அம்மா அப்பாவோடு சேர்ந்து வயலுக்குப் போய்விடுவார். பிள்ளைகளை வளர்த்தவர் அப்பாவைப் பெற்ற பாட்டி லூயிஸ் ஜுமலின். இளவயதில் மில்லேயும் உழுது, விதைத்து, அறுத்து வளர்ந்தவர். பிறகு 1837இல் பாரிஸ் போய் அங்கே படித்து, பிழைப்புக்காக உருவப்படங்களும் நிர்வாணப் படங்களும் வரைந்து, 1849இல் காலராவுக்குப் பயந்து குடும்பத்தோடு பார்பிசோன் கிராமத்தில் குடியேறினார். 1875இல் இறந்ததும் அங்கேதான். மனைவி கத்தரீன் லெமேர், முன்பு வீட்டு வேலை செய்து பிழைத்தவர். அவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள். ஒன்பது பிள்ளைகள் உள்ள வீட்டில், வருமானம் நிச்சயமில்லாத ஓவியரின் வீட்டில், வேலை எப்படி இருந்திருக்கும்? அவர் கண் முன்னால் காலை முதல் இரவு வரை அதுதான் நடந்துகொண்டிருந்தது.

பார்பிசோனில் வந்த படங்களில் 'ரொட்டி சுடும் பெண்' 1854ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இப்போது நெதர்லாந்தில் ஒட்டர்லோ என்ற ஊரில் உள்ள க்ரோலர் முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அந்தக் கால ரொட்டி அடுப்பு எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் நல்லது. நம் அடுப்பைப் போலக் கீழே நெருப்பு, மேலே பாத்திரம் என்பது இல்லை. கல்லால் கட்டிய குகை போன்ற அடுப்பின் உள்ளேயே விறகுக் கட்டுகளைப் போட்டு எரிப்பார்கள். கல் நன்றாகச் சூடேறியதும் தணலையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளிவிட்டு, அந்தச் சூட்டில் மாவு உருண்டைகளை நீண்ட மரத் துடுப்பால் உள்ளே செலுத்துவார்கள். தாமதித்தால் சூடு இறங்கிவிடும்; அவசரப்பட்டால் அடி கருகும். ஒருமுறை சுட்டால் பல நாளுக்கு அந்த ரொட்டிதான். அந்தப் பெண் நிற்கும் நிற்பில் இந்தக் கணக்கு முழுவதும் இருக்கிறது. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, காலை ஊன்றி, துடுப்பின் நீளத்துக்கு ஏற்றபடி முதுகைக் கொடுத்து நிற்கிறாள். அகன்ற முதுகு. இத்தனை கம்பீரத்தை அதற்கு முன்பு அரசிகளுக்கும் புனிதர்களுக்கும்தான் ஓவியர்கள் கொடுத்தார்கள்.

இந்தக் கம்பீரம் பலருக்குப் பிடிக்கவில்லை. 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்து மூவரை ஏழ்மையின் விதி தேவதைகள் (கிரேக்கப் புராணத்தில் மனிதரின் ஆயுளை முடிவுசெய்யும் மூவர்) என்று ஒரு விமர்சகர் திட்டினார். 1859ஆம் ஆண்டுப் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் மில்லே வைத்திருந்தது தன் மாட்டைக் கயிற்றில் பிடித்து மேய்க்கும் ஒரு பெண்ணின் படம். கவிஞர் போதலேர் அந்தக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, மில்லேயின் விவசாயிகள் தங்களைப் பற்றி மிகவும் உயர்வாக நினைத்துக்கொள்ளும் பண்டிதர்கள் என்றார். போதலேரை நான் மதிக்கிறேன். இந்த இடத்தில் அவர் தவறிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். மாடு மேய்க்கிற பெண் நிமிர்ந்து நின்றால் அது திமிராகத் தெரிவது பார்ப்பவரின் பழக்கம். அதே ஆண்டுகளில் ஷூல் பிரெதோன் என்பவரும் கதிர் பொறுக்கும் பெண்களை வரைந்தார். அவர் படத்துப் பெண்கள் அந்திச் சூரியனில் சிற்பங்கள் போல நடந்து வருகிறார்கள். அரண்மனை வரை அது விரும்பப்பட்டது. முதுகு வலிக்காத கதிர் பொறுக்கல் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

வீட்டுப் படங்களுக்குத் திரும்புகிறேன். வெண்ணெய் கடையும் பெண்ணை மில்லே உலோகத் தகட்டில் கீறி எடுக்கும் அச்சாகவும் பாஸ்டல் என்ற வண்ணக்கட்டியிலும் எண்ணெய் வண்ணத்திலும் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். ஒரு வடிவம் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. நாம் மத்தில் கயிறு சுற்றி முன்னும் பின்னும் இழுத்துக் கடைவோம். அங்கே இடுப்பளவு உயரமான குறுகலான மரத் தொட்டி. மூடியின் நடுத்துளை வழியே ஒரு தடி. தடியின் அடியில் துளையிட்ட தட்டு. பெண் நின்றுகொண்டு இரண்டு கைகளாலும் தடியை மேலும் கீழும் இடிப்பாள். பாலாடை திரண்டு வெண்ணெயாகும் வரை நிறுத்தக்கூடாது. குளிர் நாளில் அது எளிதில் திரளாது. என் அப்பத்தா விடியலில் தூணருகே உட்கார்ந்து கடையும்போது, சத்தம் மாறுவதை வைத்தே வெண்ணெய் வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். பானைக்குள் எட்டிப் பார்க்கமாட்டார். மில்லேயின் பெண்ணும் தொட்டியைப் பார்ப்பதில்லை. கை தன்பாட்டில் போகிறது. ஒரு பூனை அவள் பாவாடையில் உரசிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பூனைக்கும் நேரம் தெரியும்.

துணி துவைக்கும் பெண்களின் படம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1855 வாக்கில் வரைந்தது. துவைப்பதை அவர் காட்டவில்லை. துவைத்து முடித்து, இருட்டப் போகும் நேரத்தில், ஆற்றங்கரையில் ஒருத்தி ஈரத் துணிக் குவியலை இன்னொருத்தியின் தோளில் ஏற்றிவிடுகிறாள். நம் ஊரில் புல்லுக்கட்டு, விறகுக்கட்டு சுமக்கும் பெண்கள் "ஒரு கை தூக்கிவிடு" என்று கேட்பார்களே, அதே கணம். ஈரத் துணியின் கனம் துவைத்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கால பிரெஞ்சுக் கிராமங்களில் பெரிய துவைப்பு வருடத்தில் சில தடவைதான். மாதக்கணக்கில் சேர்ந்த துணியைப் பெரிய தொட்டியில் அடுக்கி, மேலே மரச் சாம்பல் பரப்பி, கொதிநீரை ஊற்றி ஊற்றி வடித்து, பிறகு ஆற்றில் அடித்து அலசுவார்கள். சாம்பலின் காரம் அழுக்கெடுக்கும். கையின் தோலையும் எடுக்கும். இத்தனை நாள் வேலையில் மில்லே தேர்ந்தெடுத்தது ஒருத்தியின் பாரத்தை இன்னொருத்தி பங்குபோடும் அந்த ஒரு நொடி. வேலை தெரிந்தவருக்குத்தான் அந்த நொடி கண்ணில் படும்.

எல்லாப் படத்தையும் நான் இப்படிப் புகழமாட்டேன். லீல் நகர அருங்காட்சியகத்தில் உள்ள 1860ஆம் ஆண்டுப் படம் ஒன்று: வாசற்படியில் மூன்று குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, தாய் குட்டை முக்காலியில் அமர்ந்து மரக்கரண்டியால் ஊட்டுகிறாள். தாய்ப்பறவை குஞ்சுக்கு அலகில் ஊட்டும் இரைக்குப் பிரெஞ்சில் என்ன சொல்லோ அதையே படத்துக்குத் தலைப்பாக வைத்தார். பின்னால் தோட்டத்தில் தகப்பன் கொத்திக்கொண்டிருக்கிறான். படம் இனிமையாக இருக்கிறது. அந்த இனிமைதான் எனக்கு இடறுகிறது. மூன்று பிள்ளைகளுக்கு ஊட்டும்போது ஒன்று துப்பும், ஒன்று அழும். உருக்கம் பிடிக்காது என்று எழுதியவரின் கை இங்கே உருக்கத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அந்தக் கடிதத்திலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தண்ணீர் சுமப்பதை அவள் தொல்லையாக நினைக்கவில்லை என்று யார் சொன்னது? அவளைக் கேட்டாரா? எடையைச் சரியாக நிறுத்தவர், அவள் மனத்தைத் தன் விருப்பப்படி முடிவு செய்துவிட்டார்.

அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும் படம் ஒன்று நியூயார்க்கில் ஃப்ரிக் சேகரிப்பில் இருக்கிறது. 1870க்கும் 1872க்கும் இடையே வரைந்த 'விளக்கொளியில் தைக்கும் பெண்'. எண்ணெய் விளக்கு, மடியில் துணி, அருகே தூங்கும் குழந்தை. பகல் வேலை முடிந்தபிறகு தொடங்கும் வேலை இது. ஒரு நவம்பர் இரவு ஒன்பது மணிக்கு எழுதிய கடிதத்தில் மில்லே சொல்கிறார்: என்னைச் சுற்றி எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள், தைக்கிறார்கள், காலுறைக் கிழிசலை அடைக்கிறார்கள், மேசை முழுக்கத் துணித் துண்டும் நூல் உருண்டையும் கிடக்கின்றன, விளக்கின் ஒளி இவற்றின்மேல் விழுவதை அவ்வப்போது பார்க்கிறேன், வேலை செய்பவர்கள் என் மனைவியும் வளர்ந்த பெண்களும். இந்த வரிகளைப் படித்தபிறகு படத்தை வேறு மாதிரி பார்க்க முடியவில்லை. ஒரே விளக்கடியில் அவர் கடிதம் எழுதுகிறார், அவர்கள் கிழிசல் அடைக்கிறார்கள். அதை அவர் மறைக்கவில்லை.

இந்த விளக்கு அடுத்த தலைமுறைக்கும் போனது. டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ, தெற்குப் பிரான்சின் சான் ரெமியில் மனநல விடுதியில் இருந்தபோது, மில்லேயின் படங்களை அச்சுப் பிரதிகளிலிருந்து தன் வண்ணங்களில் மீண்டும் வரைந்தார், இருபதுக்கும் மேல். 1889இல் வரைந்த ஒன்றில் விளக்கடியில் ஒரு கணவன் மனைவி, பக்கத்தில் தொட்டில், மனைவி தைக்கிறாள். அதற்கு முன்பே, நெதர்லாந்தின் நூனென் கிராமத்தில், அடுப்பின் முன் குனிந்து சமைக்கும் பெண், உருளைக்கிழங்கு தோல் சீவும் பெண், பெருக்கும் பெண் என்று வரைந்து தள்ளியிருந்தார். 1885ஆம் ஆண்டின் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' அங்கே உருவானதுதான். அந்தத் தட்டில் நீளும் கைகளே மண்ணையும் தோண்டின, அவர்கள் உண்பது நேர்மையாக உழைத்துப் பெற்ற உணவு என்பதைத்தான் காட்ட விரும்பினேன் என்று தம்பிக்கு எழுதினார். எல்லோரும் கிழங்கை எடுக்கும் கைகளைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் வலது ஓரத்துக்குப் போங்கள். அங்கே வயதான பெண் ஒருத்தி தலை குனிந்து கோப்பைகளில் காப்பி ஊற்றுகிறாள். மேசையைச் சுற்றி ஐந்து பேர். அதில் வேலை இன்னும் முடியாதவள் அவள். பந்தியில் கடைசியாக உட்காரும் பெண்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

தோல் சீவும் பெண்ணுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். அந்தப் படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிஸ் போனபிறகு ஓவியம் வரையும் துணி வாங்கக் காசில்லாமல், 1887இல் வான்கோ அதே துணியின் பின்புறத்தில் வைக்கோல் தொப்பி அணிந்த தன் முகத்தை வரைந்தார். இன்று புகழ் பெற்றது அந்த முகம். அதுதான் முன்பக்கம் என்று ஆகிவிட்டது. மடியில் பாத்திரமும் கையில் கத்தியுமாக அவள் பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வறுமையில் இருந்த ஓவியரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. இந்த வகைப் படங்கள் ஏன் கண்ணில் படுவதில்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணியின் இரண்டு பக்கங்களும் நினைவுக்கு வருகின்றன.

கடைசியாக ஒரு பெண் ஓவியர். இதுவரை சொன்ன எல்லோரும் பார்த்து வரைந்த ஆண்கள். அன்னா ஆங்கர் 1859இல் டென்மார்க்கின் வடகோடியில் ஸ்கேகன் என்ற மீனவ ஊரில், விடுதி நடத்தும் குடும்பத்தில் பிறந்தவர். வெளியூர் ஓவியர்கள் கூட்டமாக வந்து அந்த ஊரை வரைந்தார்கள்; அந்தக் குழுவில் அங்கேயே பிறந்தவர் இவர் ஒருவர்தான். டென்மார்க்கின் கலைக்கழகம் 1888 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் தனிப் பள்ளியில் கற்றார். 1880இல் திருமணமானதும், இனி ஓவியத்தை விட்டுவிட்டு வீட்டு வேலையைப் பார் என்று கற்றுக்கொடுத்த ஆசிரியரே அறிவுரை சொன்னார். அன்னா விடவில்லை. 1883இல் மகள் பிறந்தாள். அதே ஆண்டில் தொடங்கி 1886 வரை அவர் கையில் இருந்த படம் 'சமையலறையில் ஒரு பெண்'. கோபன்ஹேகனில் ஹிர்ஷ்ஸ்ப்ருங் சேகரிப்பில் உள்ளது. கறுப்பு மேற்சட்டை, சிவப்புப் பாவாடை அணிந்த ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டி நின்று வேலை செய்கிறாள். மஞ்சள் திரையில் வடிந்த வெயில் அறைக்குள் விழுகிறது. முகம் தெரியாது. அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாளா, சலித்துப்போயிருக்கிறாளா என்று அன்னா சொல்லவில்லை. அவள் திரும்பிப் பார்ப்பதாகவும் இல்லை. வேலை இன்னும் முடியவில்லை.